ஒரே ஃபில்டர், கடைக்கு ஒரு விலை: லென்ஸ் ஃபில்டர் வாங்குவதற்கு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்னால் என் 18-135 லென்ஸுக்கு ஒரு ஃபில்டர், அதாவது லென்ஸின் முன்னால் திருகி மாட்டுகிற கண்ணாடி, வாங்கப் போனேன். "67 மி.மீ. யூவி என்ன விலை?" என்று மூன்று கடைகளில் கேட்டேன். முதல் கடையில் 350 ரூபாய், அடுத்ததில் 1,100, மூன்றாவதில் 2,800. மூன்றும் கருப்பு வளையத்துக்குள் இருக்கிற வட்டக் கண்ணாடிதான், பார்வைக்கு வித்தியாசமே தெரியவில்லை. 2,800 சொன்னவர் ஆளைப் பார்த்து விலை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு 350-க்கே வாங்கி மாட்டினேன்.

அடுத்த மாதம் நண்பனின் தங்கை கல்யாணம். விடியற்காலை முகூர்த்தம், மேடையின் வலது ஓரத்தில் குத்துவிளக்கு ஐந்து முகமும் ஏற்றி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், தாலி கட்டுகிற படத்தில் மணப்பெண்ணின் கழுத்துக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஐந்து சின்னச் சுடர்கள் தலைகீழாகத் தொங்கின. படத்தின் நடுப்புள்ளியை வைத்துப் பார்த்தால் குத்துவிளக்குக்கு நேர் எதிர்ப்பக்கம். சென்சாரிலும் உள் கண்ணாடிகளிலும் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அந்த ஃபில்டரின் பின்பக்கத்தில் மோதி மறுபடியும் உள்ளே போயிருக்கிறது. அந்த ஒரு கணத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் அந்த மூன்றாவது கடைக்குத் திரும்பப் போனேன். கடைக்காரர் என் ஃபில்டரையும் தன்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துக் காட்டினார். என்னுடையதில் டியூப்லைட் கண்ணாடியில் தெரிகிற மாதிரி பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. அவருடையதில் மங்கலான ஒரு பச்சைக் கீற்று மட்டும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். "தம்பி, நீங்க சைஸைத்தான் கேட்டீங்க, பொருளைக் கேட்கலையே" என்றார். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வரியிலிருந்து வந்தது. கடைக்குக் கடை விலை மாறுவதில் பெரும்பங்கு நாம் ஒரே பொருளை ஒப்பிடாததால் வருவது. மீதிதான் கடையைப் பொறுத்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் 350-க்கும் ஏமாற மாட்டீர்கள், 2,800-க்கும் ஏமாற மாட்டீர்கள்.

1. முதலில் சைஸ்

லென்ஸின் முன்பக்க வளையத்திலோ மூடியின் உள்பக்கத்திலோ, பூஜ்யத்தின் குறுக்கே கோடு போட்ட மாதிரி ஒரு குறி இருக்கும், அதற்குப் பக்கத்தில் ஒரு எண். 49, 52, 55, 58, 62, 67, 72, 77, 82 என்பவை அடிக்கடி வருகிற எண்கள். அதுதான் ஃபில்டர் சைஸ். 50 மி.மீ. லென்ஸ் என்பதால் 50 மி.மீ. ஃபில்டர் கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அது குவியத்தூரம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கேனான் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு 49 மி.மீ., அதற்கு முந்தைய பழைய மாடலுக்கு 52 மி.மீ., நிக்கான் 50 எஃப் 1.8 ஜி லென்ஸுக்கு 58 மி.மீ. மூன்றும் 50 மி.மீ. லென்ஸ்தான்.

சைஸ் கூடினால் விலை ஏறுவதில் நியாயம் இருக்கிறது. 52-ஐ விட 77 மி.மீ. ஃபில்டரின் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அவ்வளவு பெரிய கண்ணாடியைச் சமதளமாகத் தேய்ப்பதும் ஓரம் வரை ஒரே சீராகக் கோட்டிங் (வெளிச்சம் பட்டுத் திரும்புவதைக் குறைக்கிற மெல்லிய பூச்சு) போடுவதும் கஷ்டம். போதாததற்கு 82, 95 போன்ற சைஸ்கள் கடையில் மெதுவாகத்தான் விற்கும், மாதக்கணக்கில் அலமாரியில் உட்கார்ந்திருக்கிற சரக்குக்குக் கடைக்காரர் கூடுதலாகத்தான் விலை வைப்பார்.

2. எதற்காக வாங்குகிறீர்கள்?

ஃபிலிம் காலத்தில் யூவி ஃபில்டருக்கு உண்மையான வேலை இருந்தது. ஃபிலிம் புற ஊதாக் கதிரை வாங்கும், மலைப்பகுதிப் படங்களில் நீலப் புகை மாதிரி படியும். டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னாலேயே அதைத் தடுக்கிற அடுக்கு இருக்கிறது. ஆகவே இன்றைக்கு யூவி ஃபில்டர் என்பது லென்ஸைக் காப்பாற்றுகிற கண்ணாடி, அவ்வளவுதான். ப்ரொடெக்டர் என்று எழுதியிருப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரே நிறுவனத்தில் ஒரே தரத்தில் யூவி ஒரு விலையும் ப்ரொடெக்டர் ஒரு விலையும் இருந்தால், யோசிக்காமல் விலை குறைந்ததை எடுங்கள்.

காப்பாற்ற ஒரு கண்ணாடி தேவையா என்று கேட்டால், இடத்தைப் பொறுத்தது. மெரினாவில் மாலை நேரம் ஒரு மணி நேரம் நின்று படம் எடுத்துவிட்டு லென்ஸின் முன் கண்ணாடியைப் பாருங்கள், உப்புப் பனி படிந்து மங்கியிருக்கும். ஜல்லிக்கட்டு வாடிவாசல் பக்கம் நின்றால் மண் பறந்து வந்து அடிக்கும். அங்கெல்லாம் நான் ஃபில்டர் இல்லாமல் போவதில்லை. வீட்டுக்குள் குழந்தையைப் படம் எடுக்க, ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்க, லென்ஸ் ஹூடே போதும், அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சிபிஎல், அதாவது போலரைசர், வேறு கதை. இது இலைகளிலும் தண்ணீரிலும் கண்ணாடியிலும் இருக்கிற பளபளப்பை வெட்டும், வானத்தை ஆழமாக்கும், இதைக் கணினியில் பிறகு கொண்டு வருவது ரொம்பக் கஷ்டம். ஆனால் இதன் உள்ளே இரண்டு கண்ணாடிக்கு நடுவில் போலரைசர் படலமும் கால் அலைத் தகடும் (கேமராவின் ஆட்டோஃபோகஸ் குழம்பாதபடி வெளிச்சத்தை மாற்றித் தருகிற அடுக்கு) ஒட்டியிருக்கும், முன் வளையம் தனியாகச் சுழல வேண்டும். செய்முறை இவ்வளவு இருப்பதால் யூவியை விட விலை அதிகம்தான். என்டி ஃபில்டர் வெளிச்சத்தைக் குறைப்பது. குற்றாலத்து அருவியைப் பட்டுத்துணி மாதிரி எடுக்கிறார்களே, அதற்கு இதுதான். என்டி8 என்றால் 3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்), என்டி64 என்றால் 6, என்டி1000 என்றால் 10. இதில் மலிவானதை வாங்கினால் படம் முழுக்கப் பழுப்போ ஊதாவோ ஏறும்.

3. வளையத்தில் எழுதியிருப்பதை முழுசாகப் படியுங்கள்

இந்தப் படியில்தான் அவசரப்படக் கூடாது, விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது. ஹோயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எச்எம்சி, ப்ரோ1 டிஜிட்டல், ஃப்யூஷன், எச்டி என்று அடுக்கு அடுக்காக வரிசைகள், எல்லாவற்றிலும் யூவி உண்டு. "ஹோயா 67 யூவி" என்று கேட்டால் ஒரு கடைக்காரர் அடிமட்டத்து விலையைச் சொல்வார், அடுத்தவர் மேல்மட்டத்து விலையைச் சொல்வார், இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். இன்னொன்று, ஹோயா, கென்கோ இரண்டு பெயரிலும் வருகிற ஃபில்டர்கள் ஜப்பானின் கென்கோ டோகினா என்கிற ஒரே நிறுவனத்தின் கைக்குள் இருப்பவை. கடைக்காரர் ஒன்றைத் தூக்கிப் பேசி இன்னொன்றை மட்டமாகப் பேசினால், பெயரை விட்டுவிட்டு வரிசையைக் கேளுங்கள்.

விலையை ஏற்றுகிற முதல் விஷயம் கோட்டிங். கோட்டிங்கே இல்லாத வெறும் கண்ணாடி, ஒரு பக்கத்துக்குச் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், இரண்டு பக்கமும் சேர்த்தால் 8 சதவீதம். நல்ல மல்டி கோட்டிங் அதை ஒரு பக்கத்துக்கு அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டு வந்துவிடும். கேட்கும்போது சின்ன எண்ணாகத்தான் இருக்கும், ஆனால் நான் எடுத்த அந்தக் கல்யாணப் படத்தில் தொங்கிய ஐந்து சுடர்களும் அந்த 8 சதவீதத்திலிருந்து வந்தவைதான். மேல்மட்டத்து வரிசைகளில் தண்ணீரும் விரல் எண்ணெயும் ஒட்டாத ஒரு மேல்பூச்சும் சேர்ந்து வரும், மழையில் வேலை செய்கிறவர்களுக்கு அதற்குக் கொடுக்கிற காசு தகும்.

இரண்டாவது கண்ணாடி. ஜெர்மனியின் ஷ்னைடர் குரூயிட்ஸ்நாக் நிறுவனத்தின் பி பிளஸ் டபிள்யூ ஃபில்டர்கள் ஷாட் கண்ணாடியில் செய்யப்படுபவை. இந்த மாதிரிக் கண்ணாடிக்கும் ஜன்னல் கண்ணாடித் தரத்துக்கும் உள்ள வித்தியாசம் அகலக் கோண லென்ஸில் உங்களுக்குத் தெரியாமலே போகலாம், ஆனால் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுகிற 300 மி.மீ. டெலி லென்ஸில் சமதளம் இல்லாத கண்ணாடியை மாட்டினால் படம் முழுக்க லேசாகக் கலங்கிவிடும், ஃபோகஸ் தவறுகிறதென்று கேமராவைச் சந்தேகப்படுவீர்கள்.

மூன்றாவது வளையம். பெரும்பாலானவை அலுமினியம், சில உயர்ந்த ஃபில்டர்கள் பித்தளை. அலுமினிய வளையம் லென்ஸின் த்ரெட்டில் (திருகு மரையில்) இறுகிக்கொள்ளும், அப்புறம் கழற்றப் போராட வேண்டும். பித்தளை அவ்வளவு இறுகாது, கையில் வைத்தாலே கனம் தெரியும். ஸ்லிம் என்று எழுதியிருப்பவை அகலக் கோண லென்ஸின் ஓரம் கருக்காமல் இருக்கச் செய்தவை. அவற்றில் சிலவற்றுக்கு முன்பக்கம் த்ரெட்டே இருக்காது, உங்கள் லென்ஸ் மூடி அதன் மேல் நிற்காது. 50 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறவர் ஸ்லிம்முக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஆகவே கடைக்குப் போகும் முன் போனில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நிறுவனம், வரிசை, வகை, சைஸ். "ஹோயா, ப்ரோ1 டிஜிட்டல், ப்ரொடெக்டர், 67" என்கிற மாதிரி. நாலும் ஒத்துப்போனால்தான் விலையை ஒப்பிடுங்கள்.

4. கடையிலேயே சோதியுங்கள்

எந்தக் கருவியும் வேண்டாம். டியூப்லைட்டோ எல்இடி பட்டையோ இருக்கிற இடத்தில் ஃபில்டரைச் சாய்த்துப் பிடியுங்கள். வெளிச்சம் வெள்ளையாகப் பளிச்சென்று திரும்பினால் கோட்டிங் இல்லை, டப்பாவில் எம்சி (மல்டி கோட்டிங்) என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் சரி. மங்கலான பச்சையோ ஊதாவோ தெரிந்தால் கோட்டிங் உண்டு. இரண்டு பக்கமும் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் பூசி விற்கிறவையும் உண்டு. அப்படியே மெதுவாக ஆட்டினால், டியூப்லைட்டின் நேர்கோடு நேராகவே நகர வேண்டும். பாம்பு மாதிரி நெளிந்தால் கண்ணாடி சமதளம் இல்லை. பிறகு ஒரு வெள்ளைத்தாளின் மேல் வையுங்கள், யூவியோ ப்ரொடெக்டரோ என்றால் தாளின் நிறம் மாறக் கூடாது.

சிபிஎல் வாங்கும்போது கடையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தேடுங்கள், இல்லாவிட்டால் வண்டியின் பக்கக் கண்ணாடி போதும். லென்ஸில் திருகுகிற பக்கம் கண்ணாடியைப் பார்த்து இருக்கும்படி பிடித்து, ஃபில்டர் வழியாகவே கண்ணாடியில் தெரிகிற அதே ஃபில்டரைப் பாருங்கள். அது கருத்துத் தெரிய வேண்டும். திருப்பிப் பிடித்தால் தெளிந்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் தெளிவாகவே தெரிந்தால் அதில் கால் அலைத் தகடு இல்லை, அது பழைய வகை லீனியர் போலரைசர். அந்த வகை எஸ்எல்ஆர் கேமராக்களின் ஆட்டோஃபோகஸையும் வெளிச்சத்தை அளக்கிற மீட்டரையும் குழப்பும். நிறம் பூசிய வெறும் கண்ணாடியைச் சிபிஎல் என்று விற்றால் லேப்டாப் திரை காட்டிக்கொடுக்கும். திரைக்கு முன்னால் பிடித்து, முன்பக்கம் திரையைப் பார்த்தபடி சுழற்றுங்கள், அசல் என்றால் ஒரு கட்டத்தில் திரை இருண்டே போகும்.

என்டிக்கு உங்கள் கேமராவைக் கொண்டு போங்கள். அபர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் மாற்றாமல் ஒரு சுவரை மீட்டர் செய்யுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஷட்டர் வேகம் 1/1000 காட்டினால், என்டி8 மாட்டியதும் 1/125-க்குப் பக்கத்தில் வர வேண்டும். ரொம்பத் தள்ளிப் போனால் அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். கூட்டிக் குறைக்கிற வேரியபிள் என்டி இரண்டு போலரைசர்களைச் சேர்த்துச் செய்தது, அகலக் கோண லென்ஸில் கடைசி அளவு வரை திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி கருப்புப் பட்டை விழும். எந்த அளவில் அது விழுகிறது என்று வாங்கும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் செய்ய விடாத கடையில் நான் வாங்குவதில்லை.

5. டப்பாவையும் பில்லையும் பாருங்கள்

ஃபில்டர்களில் பெரும்பாலானவை இறக்குமதிதான். சட்டமுறை எடையளவு விதிகளின்படி, இறக்குமதி செய்து பொட்டலமாக விற்கிற பொருளின் மேல் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் தயாரானது, மாதம், வருடம், எல்லா வரிகளும் சேர்ந்த எம்ஆர்பி, புகார் செய்யத் தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால், யாரோ வெளிநாட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டு வந்த சரக்காக இருக்கலாம், அல்லது டூப்ளிகேட்டாக இருக்கலாம். பையில் வந்தது அசலாகவே இருந்தாலும் இங்கே யாரும் அதற்குப் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரு கடையில் விலை சட்டென்று குறைவாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம், அங்கே சுங்க வரியும் ஜிஎஸ்டியும் விலைக்குள் இல்லை.

"பில் வேண்டாம்னா இன்னும் குறைச்சுத் தரேன் சார்" என்று சொல்வார்கள். ஃபில்டருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 1,180 ரூபாய் பில்லில் 180 ரூபாய் வரி. அந்த 180-ஐ மிச்சப்படுத்தினால், நாளைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்க உங்கள் கையில் எதுவும் இருக்காது. ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கிற ஸ்டுடியோக்காரர்கள் தங்கள் எண்ணைப் பில்லில் போட்டு வாங்கினால் அந்த வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அவர்களுக்குப் பில் போட்ட 1,180-ம் உண்மையில் 1,000-தான், ஆகவே பில் இல்லாத 1,050 அவர்களுக்கு நஷ்டம். எந்த விலையைக் கேட்டாலும் "ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

6. எல்லாம் ஒத்துப்போயும் விலை மாறினால்

நாலு விவரமும் ஒன்று, ஸ்டிக்கர் இருக்கிறது, பில் தருகிறார்கள், அப்படியும் இரண்டு கடைக்கு 300, 400 ரூபாய் வித்தியாசம் வரும். இதுதான் உண்மையான கடை வித்தியாசம். கேமராவிலும் லென்ஸிலும் கடைக்காரருக்குக் கிடைக்கிற லாபம் குறைவு, எல்லோரும் போனில் விலையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஃபில்டர், பை, மெமரி கார்டு போன்றவற்றில்தான் அவர் வாடகையைத் தேடுகிறார். அதனால் கேமரா வாங்குகிற அன்றைக்கே "இதையும் சேர்த்துப் போடுறேன்" என்று வைக்கிற ஃபில்டரின் விலையைத் தனியாகக் கேளுங்கள். இலவசமாகத் தருகிற யூவி பெரும்பாலும் அந்த டியூப்லைட் சோதனையில் தோற்கிற வகைதான். "இது வேண்டாம்ணே, நல்ல ப்ரொடெக்டரில் விலை குறைச்சுப் போடுங்க" என்று கேட்டால் நிறையப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

சரக்கு எப்போது வந்தது என்பதும் முக்கியம். ரூபாயின் மதிப்பு இறங்குவதற்கு முன் எடுத்த பழைய ஸ்டாக் வைத்திருக்கிற கடை பழைய விலைக்கே கொடுக்கும். பழைய வரிசையை நிறுவனம் நிறுத்திவிட்டுப் புதியது கொண்டு வந்தால், மிச்சம் இருப்பதைத் தள்ளிவிட விலையைக் குறைப்பார்கள். கண்ணாடிக்கு வயதாவதில்லை, தயங்காமல் வாங்கலாம். சிபிஎல் மட்டும் பார்த்து வாங்குங்கள், சூட்டிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளே ஒட்டிய படலம் ஓரத்தில் பிரியலாம்.

7. ஆன்லைனில் வாங்கினால்

எம்ஆர்பி 3,999 என்று போட்டு அடித்து, 799 என்று எழுதியிருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அடித்த எண்ணை மறந்துவிட்டு, அதே பொருள் மற்ற இடங்களில் என்ன விலைக்குப் போகிறது என்று மட்டும் பாருங்கள். ஒரே பக்கத்தில் நாலைந்து விற்பனையாளர்கள் இருப்பார்கள், உங்களுக்கு வருவது யாருடைய சரக்கு என்பதை விலைக்குக் கீழே இருக்கிற சின்ன எழுத்தில் பாருங்கள். விமர்சனங்களில் நட்சத்திரத்தை விட, வாங்கியவர்கள் போட்ட படங்களைத் தேடுங்கள், அதில் வளையத்து எழுத்து தெரியும். அசலின் எழுத்து கூர்மையாக இருக்கும். டூப்ளிகேட்டில் எழுத்து தடித்திருக்கும், சிலவற்றில் எழுத்துப் பிழையே இருக்கும்.

8. இரண்டு மூன்று லென்ஸ் இருந்தால்

ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகச் சிபிஎல்லும் என்டியும் வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே பெரிய சைஸுக்கு ஒரே ஒரு நல்லதை வாங்கி, சின்ன லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளுங்கள். 52-77, 67-77 என்று கேட்டால் கிடைக்கும், கண்ணாடி இல்லாத வெறும் வளையம்தான், ஃபில்டர் விலையோடு பார்த்தால் ரொம்பச் சொற்பம். ஹூடு மாட்ட முடியாது என்பது ஒன்றுதான் குறை. மாறாக, பெரிய லென்ஸில் சின்ன ஃபில்டரை மாட்டுகிற ஸ்டெப்-டவுன் ரிங் வேண்டாம், ஓரம் கருத்துவிடும்.

9. வீட்டுக்கு வந்ததும்

மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, எழுத்து நெருக்கமாக இருக்கிற செய்தித்தாள் பக்கம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று எடுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் அதன் கடைசி நீளத்தில் எடுங்கள். இரண்டையும் முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள், எழுத்தின் விளிம்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிறகு இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு அகல் விளக்கு படத்தின் ஓரத்தில் வருகிற மாதிரி வைத்து எடுங்கள். நடுவுக்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது சுடர் தெரிந்தால், ஃபில்டரைக் கழற்றி இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள், சில லென்ஸ்கள் தாமாகவே அப்படிக் காட்டும். கழற்றியதும் அது மறைந்துவிட்டால் தப்பு ஃபில்டரில்தான். அந்த இரண்டு படங்களையும் பில்லையும் எடுத்துக்கொண்டு மறுநாளே கடைக்குப் போங்கள்.